கவுண்டா ஓய்வு பெறவில்லை, தோற்றார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைக் கைக்குட்டை, கிட்டார், காந்தி மேல் இருந்த பக்தி எல்லாம் வந்திருக்கிறது. 27 வருடம் ஆண்டார் என்பதும் ஒரு வரியில் இருக்கிறது. எப்படி ஆண்டார் என்பதைத்தான் காணோம். கடைசியில் '1991இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார்' என்று முடித்துவிட்டீர்கள். ஓய்வு பெறவில்லை ஐயா, தேர்தலில் தோற்றார். 1980களின் நடுவிலிருந்து அந்தத் தேர்தல் முடியும்வரை ஜாம்பியாவின் கிட்வே நகரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னைப் போன்றவர்கள் அங்கே போனதற்கே ஒரு காரணம் உண்டு. 1964 அக்டோபர் 24இல் ஜாம்பியா விடுதலை பெற்றபோது, அந்த நாட்டுக் கறுப்பின மக்களில் பட்டதாரிகள் சுமார் நூறு பேர்தான். கீழே தோண்டினால் செம்பு, மேலே படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. பிரிட்டிஷார் விட்டுப்போன சொத்து அவ்வளவுதான். கவுண்டா 1966இல் பல்கலைக்கழகம் திறந்தார். கிராமத்து மக்கள் சோளமும் கோழியும் கொடுத்து அதற்கு நிதி சேர்த்ததாக அங்கே பெருமையாகச் சொல்வார்கள். பள்ளிகளும் வேகமாகப் பெருகின. பாடம் நடத்த ஆள் வேண்டுமே, அதற்குத்தான் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வாத்தியார்கள் கிளம்பிப் போனோம். கவுண்டாவும் வாத்தியார்தான். ஜாம்பியாவின் வடக்கே சின்சாலி ஊருக்குப் பக்கத்தில் லுப்வா மிஷனில் 1924இல் பிறந்தவர். அப்பா டேவிட், நியாசாலாந்திலிருந்து, அதாவது இன்றைய மலாவியிலிருந்து, மதப்பணிக்கு வந்தவர். இந்த மலாவி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

தெற்கே ரொடீசியாவின், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயின், வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து அவர் எடுத்த முடிவுகளுக்கு அவருடைய நாடே விலை கொடுத்தது. 1973 ஜனவரியில் ரொடீசியப் பிரதமர் இயன் ஸ்மித் எல்லையை மூடினார். கொஞ்ச நாளில் அவரே திறக்கத் தயாரானபோது, கவுண்டா முடியாது என்றுவிட்டார். செம்பு வெளியே போக வழக்கமான வழி அடைபட்டது. சீனா கடன் கொடுத்துக் கட்டிய தான்சானியா ரயில்பாதை 1975இல்தான் முடிந்தது. தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கத்தின் தலைமையகம் ஜாம்பியத் தலைநகர் லுசாகாவில் இருந்தது. ரொடீசியப் போராளிகளுக்கும் அங்கே முகாம்கள் இருந்தன. அதற்காக ரொடீசிய விமானங்கள் லுசாகா வரை வந்து குண்டு போட்டன. இதையெல்லாம் நீங்கள் எழுதியிருக்கலாம், கிட்டாரைவிட இது பெரிது.

ஆனால் அதே 1973இல் அவர் நாட்டை ஒரே கட்சி நாடாக ஆக்கினார். அவருடைய கட்சியைத் தவிர வேறு கட்சி இருக்கக்கூடாது என்பது சட்டம். விடுதலைக்குச் சற்று முன்பு வெள்ளைக்கார ஆளுநர் கொண்டுவந்த அவசரநிலையை இவர் நீக்கவே இல்லை. 1991 வரைக்கும் அது இருந்தது. விசாரணை இல்லாமல் யாரையும் உள்ளே வைக்கலாம். 1981இல் அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர் தொழிற்சங்கத் தலைவர் ஃபிரடெரிக் சிலுபா.

நான் பார்த்த ஜாம்பியா, 1974க்குப் பிறகு செம்பு விலை விழுந்து, கடனில் மூழ்கிக் கிடந்த ஜாம்பியா. சமையல் எண்ணெய்க்கு வரிசை, சோப்புக்கு வரிசை. கடை வாசலில் கூட்டம் தெரிந்தால் முதலில் போய் நின்றுவிட்டு, அப்புறம்தான் எதற்கு நிற்கிறோம் என்று முன்னால் இருப்பவரிடம் கேட்போம். டாலரை வாரந்தோறும் ஏலம் விட்டு, அந்த நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பை முடிவு செய்தார்கள், ஒவ்வொரு ஏலத்திலும் நான் ஊருக்கு அனுப்பும் பணம் சுருங்கியது. நமக்காவது ஒரு ஊர் இருந்தது, திரும்பி வந்துவிடலாம். அங்கே இருப்பவர்களுக்கு மீலி மீல் என்கிற சோள மாவுதான் உயிர். அதைக் கிண்டி ந்ஷீமா செய்து, கொஞ்சம் கீரையோ கருவாடோ வைத்துச் சாப்பிடுவார்கள். 1986 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) சொல்படி அந்த மாவின் விலையை ஏற்றினார்கள். கிட்வேயில் கடைகள் சூறையாடப்பட்டன, துப்பாக்கிச் சூடு நடந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். கிட்வே உள்ளிட்ட 'செம்புப் பட்டை' என்கிற சுரங்கப் பகுதி ஊர்களில் பதினைந்து பேர் வரை இறந்தார்கள். விலை உயர்வை அவர் திரும்பப் பெற்ற பிறகுதான் தெரு அடங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987இல் அவர் தன் மகன் ஒருவர் எய்ட்ஸ் நோயால் இறந்ததை வெளிப்படையாக அறிவித்தார். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கத் தலைவர் யாரும் இதைத் தன் வீட்டுக் கதையாகச் சொன்னதில்லை. எங்கள் பள்ளியிலேயே இளம் ஆசிரியர்கள் மெலிந்து மெலிந்து இறந்தார்கள். காரணம் கேட்டால் காசநோய் என்பார்கள், மலேரியா என்பார்கள், சூனியம் என்றுகூடச் சொல்வார்கள். அதிபரே சொன்ன பிறகு, ஆசிரியர் அறையில் அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றுதான்.

சரி, தேர்தலுக்கு வருகிறேன். 1988இல் ஒரே வேட்பாளர், வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் வாக்களிக்கலாம். 95 சதவீதம் பேர் வேண்டும் என்றதாக முடிவு வந்தது. 1990 ஜூனில் மறுபடி சோள மாவு விலை ஏறியது, லுசாகாவில் கலவரம். மாதக் கடைசியில் லுசெம்பே என்ற ராணுவ அதிகாரி ஒருவர் வானொலி நிலையத்துக்குள் புகுந்து, ஆட்சி கவிழ்ந்தது என்று அறிவித்தார். சில மணி நேரத்தில் அது பொய் என்று தெரிந்துவிட்டது. அதற்குள் மக்கள் தெருவில் இறங்கி ஆடியிருந்தார்கள். 95 சதவீதத்தின் மதிப்பு என்ன என்று கவுண்டாவுக்கே அன்று புரிந்திருக்கும்.

அவருடைய பதவிக்காலம் 1993 வரை இருந்தது. படை அவர் கையில், அவசரநிலைச் சட்டமும் அவர் கையில். இருந்தும் பல கட்சித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டு, அதையும் முன்கூட்டியே 1991 அக்டோபர் 31இல் நடத்தினார். அவருக்கு 24 சதவீதம், எதிர்த்து நின்ற சிலுபாவுக்கு 76. நாடாளுமன்றத்தின் 150 இடங்களில் அவர் கட்சிக்கு 25. தோல்வியை ஒப்புக்கொண்டு, தான் சிறையில் வைத்த அதே மனிதரிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார். பக்கத்து நாடுகளில் அப்போது நடந்துகொண்டிருந்ததை வைத்துப் பார்த்தால், அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். இதைப் போய் ஓய்வு என்றால் எப்படி?

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை, அவரைச் சும்மா விடவும் இல்லை. மீண்டும் போட்டியிடக் கிளம்பியதும், பெற்றோர் இருவரும் பிறப்பாலோ வம்சாவளியாலோ ஜாம்பியர்களாக இருந்தால்தான் அதிபராகலாம் என்று 1996இல் சிலுபா அரசு அரசியல் சட்டத்தைத் திருத்தியது. அப்பா மலாவிக்காரர் அல்லவா? அடுத்த வருடம் ஒரு ராணுவக் கலகம் தோற்றது, அதில் பங்கு உண்டென்று கிறிஸ்துமஸ் அன்று அவரைக் கைது செய்தார்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். தான்சானியாவின் முன்னாள் அதிபர் நைரேரே நேரில் வந்து பேசித்தான் அதை நிறுத்தினார். 1999இல் ஒரு நீதிமன்றம், அவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை என்றுகூடத் தீர்ப்பளித்தது. 27 வருடம் ஆண்டவருக்கு! அந்தத் தீர்ப்பு பிறகு நிற்கவில்லை. 2021 ஜூனில் 97 வயதில் இறந்தபோது நாடு 21 நாள் துக்கம் அனுசரித்தது.

இந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். சைமன் கப்வேப்வே என்று ஒருவர். கவுண்டாவின் சின்சாலிக் காலத்துத் தோழர், விடுதலைப் போராட்டத்தில் கூடவே நின்றவர், துணை அதிபராகவும் இருந்தார். 1950களில் உதவித்தொகையில் இந்தியாவுக்கு வந்து படித்தவர். 1971இல் பிரிந்துபோய்த் தனிக் கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டே கட்சிக்குத் தடை, அவருக்குச் சிறை. 1978இல் கவுண்டாவை எதிர்த்து நிற்க முயன்றபோது விதியை மாற்றி நிற்கவிடாமல் செய்தார்கள். 1980இல் இறந்துவிட்டார். அவரைப் பற்றியும் நாலு பத்தி எழுதுங்கள், படமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கும்பகோணம்.