கோமதிக்கு ஒரு பதில்

மும்பை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. அத்தானின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பேத்திக்குக் காது குத்திய போட்டோவை அனுப்பு.

நீ கேட்ட கேள்விக்கு என்ன எழுதுவது என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். "நீ இப்போது பார்க்கிற இந்த வைத்தியம் அன்றைக்கு இருந்திருந்தால் நம் சாந்தி பிழைத்திருப்பாளா?" கார்-டி என்று இதற்குப் பெயர்: நோயாளியின் டி செல்களை, அதாவது ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, அவருக்கே திரும்ப ஏற்றுவது. அவளுக்கு வந்ததும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்தான். பிழைத்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன், கோமதி. அதைச் சொல்லவே மனது வலிக்கிறது.

அவள் போன 1992இல் இந்த வைத்தியத்தின் துண்டுகள் உலகத்தில் இருந்தன. 1989லேயே இஸ்ரேலில் ஸெலிக் எஷ்ஹாரின் குழு, டி செல்லுக்கு நாம் விரும்பும் எதிரியைக் காட்டிக்கொடுக்கும் செயற்கை ஏற்பியைச் செய்துவிட்டது. பின்னாளில் இதை நோயாளிகளிடம் கொண்டுவந்த கார்ல் ஜூன் என்ற மருத்துவர் அந்தச் சமயத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் எய்ட்ஸ் நோயாளிகளின் டி செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். புற்றுநோய்க்காக அல்ல.

அந்த மனிதரின் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து எனக்கு அவர் நினைவாகவே இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தவர். அணுகுண்டுக் கதிர்வீச்சில் எலும்பு மஜ்ஜை கருகிப்போகும் வீரர்களைக் காப்பாற்ற ஆள் வேண்டும் என்று கடற்படையே அவரை சியாட்டிலுக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை படிக்க அனுப்பியது. பிறகு எய்ட்ஸ் ஆய்வு. அங்கேதான் அவரும் உடன் ஆய்வு செய்த புரூஸ் லெவினும் சின்னஞ்சிறு காந்த மணிகளை வைத்து டி செல்களை ஏராளமாகப் பெருக்கும் வழியைக் கண்டார்கள். இன்று செல்லுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோவதும் வலுவிழக்கச் செய்த எய்ட்ஸ் வைரஸின் வழித்தோன்றல்தான்.

1999இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதே வருஷம் அதே பல்கலைக்கழகத்தில் மரபணுச் சிகிச்சைச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் இறந்துபோனான். மரபணுச் சிகிச்சை என்றாலே எல்லாரும் பின்வாங்கிய காலம். 2001இல் ஜூனின் மனைவி கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். வீட்டில் அந்தச் சாவு, வேலையிடத்தில் அந்த நிழல். இரண்டுக்கும் நடுவே அவர் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். 2010இல்தான் முதல் நோயாளிகள். மூன்று பேர், அதில் இருவருக்கு லுகேமியா சுவடில்லாமல் போனது.

எமிலி வைட்ஹெட் கதையை உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல். ஆறு வயது, இரண்டு முறை திரும்பி வந்த லுகேமியா. 2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் அவள் செல்களையே மாற்றி ஏற்றினார்கள். செல்கள் வேலை செய்தன, அளவுக்கு மீறி. காய்ச்சல் ஏறி, ரத்த அழுத்தம் விழுந்து, வெண்டிலேட்டருக்குப் போய்விட்டாள். பரிசோதனையில் ஐஎல்-6 என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதை அடக்க ஒரு மூட்டுவாத மருந்து இருக்கிறது என்று ஜூனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியுமா? அவர் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். டோசிலிசுமாப் என்ற அந்த மருந்தைப் போட்டதும் காய்ச்சல் இறங்கியது. தன் ஏழாவது பிறந்தநாளன்று எமிலி கண் விழித்தாள். இன்று அவள் பெரிய பெண். 2017இல் அமெரிக்க அரசு இந்த வைத்தியத்துக்கு முதல் அனுமதி கொடுத்தது. அப்போது விலை 4,75,000 டாலர்.

டோசிலிசுமாப்பின் பெயர் இங்கே எங்கள் வார்டு அலமாரியில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும், ஒரு தகப்பன் மகளின் மூட்டுவலிக்காகத் தேடித் தெரிந்துகொண்டது என்றுதான் தோன்றும்.

போன மாதம் ஒரு பையனுக்கு ஏற்றினோம். 2023இல் இங்கே ஐஐடியும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 என்ற கார்-டி வைத்தியத்துக்கு அனுமதி கிடைத்த பிறகு, அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வந்திருக்கிறது. அதுவும் நம்மைப் போன்ற வீட்டுக்கு மலைதான். அவன் அப்பா நிலத்தை விற்றிருக்கிறார். அவன் செல்கள் உறைந்திருந்த பையை 37 டிகிரி தண்ணீரில் நான்தான் பிடித்திருந்தேன். ஓரத்திலிருந்து பனி கரைந்து, அரிசி களைந்த தண்ணீர் மாதிரிக் கலங்கலாக ஆயிற்று. சில நிமிஷத்தில் முழுதும் உள்ளே போய்விட்டது. "இவ்வளவுதானா சிஸ்டர்?" என்றான் பையன். உறைய வைக்கும் மருந்தின் வாடை அவன் மூச்சில் பூண்டு மாதிரி வந்தது. அவன் அம்மா கையில் குலதெய்வத்து விபூதிப் பொட்டலம். அறைக்குள் விடவில்லை, கதவுக் கண்ணாடிக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றாள். சாந்தியின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது அப்படியே கண்ணில் வந்துவிட்டது, கோமதி.

எல்லாருக்கும் இது நிற்பதில்லை. சிலருக்கு லுகேமியா தன் அடையாளத்தையே மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. இந்தப் பையனுக்கு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும். அன்று ராத்திரி உனக்கு போன் பண்ணுகிறேன், எந்த முடிவாக இருந்தாலும்.

அன்புடன்,
மீனா