ஹோகன் அந்தக் கேமிலேயே இல்லை, மாப்ள

பாம்பன்
12.7.2025

அன்பு மாப்ள ஜெகனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் தொப்பையை உன் தங்கச்சி போனில் பார்த்தேன், நீயும் நலம்தான் போல. ஏழு மாதமாக உன் போனை எடுக்கவில்லை, மெசேஜுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தின் பாதிக்கு மேல் இன்னும் பெரிதாகத் திட்ட ஒரு விஷயம் வருகிறது, அதற்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்.

ஊர்ச் செய்தி சுருக்கமாக. புதுப் பாலத்தில் ஏப்ரலிலிருந்து ரயில் ஓடுகிறது. அடுத்த முறை மண்டபத்தில் இறங்கி மூட்டையோடு பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து விசைப்படகெல்லாம் போயாச்சு. ஆனால் இரண்டு வாரமாகக் கச்சான் காற்று பேயாய் அடிப்பதால் தென்கடல் பக்கம் நாட்டுப்படகு ஒன்றும் இறங்கவில்லை. கடலுக்குப் போகாவிட்டால் காசில்லை, காசில்லாவிட்டால் உடைந்த டிஸ்ப்ளேயோடயே எல்லாரும் ஓட்டிவிடுவார்கள். என் போன் ரிப்பேர் கடையில் நானும் டேபிள் ஃபேனும்தான்.

அந்த ஓய்வில்தான் புத்தி கெட்டது. அக்கா மகன் லீவுக்கு வந்தவன், "மாமா, நீங்க சின்ன வயசுல என்ன ரெஸ்லிங் கேம் ஆடுவீங்க?" என்று கேட்டான். ஸ்மாக்டவுன் பெயின் என்றேன். முழுப்பெயர் தெரியாதா என்று சிரித்தான். வின்சென்ட் அண்ணன் கேம் கடையில் அட்டையே ஜெராக்ஸ் தாளில்தானேடா இருந்தது? ரெஸ்லர் லெஸ்னர் முகம் மட்டும் கரிக்கட்டை மாதிரி தெரியும். சரி, தேடிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முழுப்பெயர் ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெயின். பத்து நாளாக நான் இந்த உலகத்திலேயே இல்லை.

முதலில் உனக்கான அடி, ரெஸ்லர் ஹல்க் ஹோகன் விஷயத்தில். ஹோகன் அந்தக் கேமிலேயே இல்லை, மாப்ள. சீசனைப் பத்துத் தடவை முடித்தால் ஹோகன் திறப்பான் என்று நீ சத்தியம் செய்தாயே, மாதா கோயிலைப் பார்த்து! 2005 கோடையில் நான் ஆறு தடவை முடித்தேன். அம்மா கம்பெனியில் கணவாய் சுத்தம் செய்து கொண்டுவந்த காசு, மணிக்கு 15 ரூபாய். நடந்தது இதுதான். நம் கேமுக்கு முந்தைய வருஷம், 2002இல் வந்த ஷட் யுவர் மவுத் கேமில் ஹோகன் இருந்தான், நீ மதுரையில் உன் சித்தப்பா வீட்டில் பார்த்தது அதைத்தான். 2003இல் அவன் மிஸ்டர் அமெரிக்கா என்று முகமூடி மாட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வந்தான். மீசை வெளியே தெரிகிறது, உலகத்துக்கே ஆள் யாரென்று தெரிகிறது, அவன் மட்டும் நான் ஹோகன் இல்லை என்கிறான். அந்த வருஷ நடுவிலேயே டபிள்யூடபிள்யூஇ கம்பெனியை விட்டுப் போய்விட்டான். அக்டோபரில் கேம் வரும்போது ஆளே இல்லை. ரோடி பைப்பர் இருக்கிறான், அயர்ன் ஷேக் இருக்கிறான், சார்ஜென்ட் ஸ்லாட்டர்கூட இருக்கிறான். ஹோகன் இல்லை. பந்தயம் 40 பரோட்டா, ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. நாம் அமெரிக்கா அமெரிக்கா என்று வாயைப் பிளந்தோமே, அந்தக் கேமைச் செய்தது யூக்ஸ் என்கிற ஜப்பான் கம்பெனி. ஜப்பானில் அதற்கு எக்ஸைட்டிங் புரோ ரெஸ்லிங் 5 என்று பெயர். நல்ல ரெஸ்லிங் கேம் எதைத் தோண்டினாலும் அடியில் ஒரு ஜப்பான்காரன் உட்கார்ந்திருக்கிறான். நிண்டெண்டோவில் 1986இல் வந்த புரோ ரெஸ்லிங்கை எழுதியவர் மசாதோ மசுதா. ஜெயித்தால் திரையில் "எ வின்னர் இஸ் யூ" என்று வருமாம். "வெற்றியாளர் ஒருவர் ஆகும் நீ" என்கிற மாதிரி. எட்டாம் வகுப்பில் உன் இங்கிலீஷ் பேப்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். கிண்டலை விடு, அதே ஆள்தான் 1989இல் ஃபயர் புரோ ரெஸ்லிங் என்ற வரிசையைத் தொடங்கினார். அதில் பிடி போடுவதற்கு பட்டனைக் குத்து குத்தென்று குத்தினால் வேலைக்காகாது, சரியான கணத்தில் ஒரு தடவை அழுத்த வேண்டும். உன்னை மாதிரி கன்ட்ரோலரை அம்மிக்குழவி என்று நினைப்பவன் அதில் ஒரு நிமிஷம் தாங்க மாட்டான்.

அந்த வரிசையில் 1994இல் வந்த ஒன்றுக்குக் கதை எழுதியவர் கோய்ச்சி சுடா. ஒருத்தன் சின்ன ஆளாகத் தொடங்கி, வேண்டியவர்களையெல்லாம் இழந்து, கடைசியில் சாம்பியன் ஆகிறான். பெல்ட் கையில். வீட்டுக்குப் போகிறான். தன்னைத்தானே முடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான் கேம். நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் மெஷினில் சின்னப் பையன்கள் ஆடிய கேம் இது! இதைப் படித்த அன்று சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டேன்.

சிரிக்கவும் நிறைய இருக்கிறது. 2000இல் டபிள்யூசிடபிள்யூ என்கிற ரெஸ்லிங் கம்பெனி பெயரில் பேக்ஸ்டேஜ் அசால்ட் என்று ஒன்று. முழுக்க முழுக்க அரங்கத்துக்குப் பின்னால், லாரி நிற்கிற இடத்தில், பாய்லர் அறையில் அடித்துக்கொள்ள வேண்டும். ரிங் கிடையாது. ரெஸ்லிங் கேமில் ரிங்கே கிடையாது! டபிள்யூடபிள்யூஎஃப் முத்திரையோடு 1987இல் கமடோர் கம்ப்யூட்டருக்கு வந்த கேம் அதைவிட வேடிக்கை. அடியைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும், அது விழுந்ததா இல்லையா என்று அசையாத போட்டோ போட்டுக் காட்டுவான். ரெஸ்லர் படமும் அளவும் போட்ட நம் ட்ரம்ப் கார்டுதான் அது. செஸ்ட், பைசெப்ஸ் எத்தனை என்று கேட்காததுதான் குறை.

ரெஸ்லர் கிறிஸ் பெனாய்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்வா என்று சொல்ல வேண்டுமாம், நமக்கு அவன் பெனாய்டுதான். உன் உயிர் அவன். 2007 ஜூனில் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தான் என்ற செய்தி வந்த அன்று நீ எதுவும் பேசாமல் பாலத்தில் நின்றாய். அதற்குப் பிறகு வந்த எந்தக் கேமிலும் அவன் இல்லை. ஒரு தடம் இல்லாமல் துடைத்துவிட்டார்கள். சரிதான் என்று படுகிறது. ஆனால் நம் பழைய டிஸ்க்கில் இன்னும் அவன் இருக்கிறான், பாட்டு போட்டதும் வருவான். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

துடைப்பது, அழிப்பது என்ற பேச்சு வந்துவிட்டது. இனி சுற்றி வளைத்துப் பயனில்லை.

போன வாரம் ஆன்டன் வந்தான். போன் கடல்தண்ணீரில் விழுந்து மூன்று நாள் ஆச்சு, அரிசிக்குள் போட்டு வைத்திருந்தானாம். திறந்தால் போர்டு முழுக்கப் பச்சை பூத்து, சார்ஜர் பின்னில் உப்பு பொரிந்து கிடக்கிறது. பிரஷ்ஷை நனைத்து ஒவ்வொரு காலாகத் தேய்த்துக்கொண்டே, வாய் சும்மா இருக்காமல், நான் படித்ததையெல்லாம் அவனிடம் அளந்தேன். டபிள்யூடபிள்யூஇ 2கே20 என்கிற கேமின் கதையைச் சொன்னேன். 2020 ஜனவரி 1 பிறந்ததும் அந்தக் கேம் திறக்கவே மறுத்துவிட்டது, தேதியைப் பழைய வருஷத்துக்குத் தள்ளி வைத்தால்தான் ஓடியது. ஆன்டன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிக்கிறானே என்று அடுத்ததைச் சொன்னேன். 2000 நவம்பரில் நிண்டெண்டோ 64க்கு நோ மெர்சி என்று ஒன்று. இன்றைக்கும் பலர் அதைத்தான் சிறந்த ரெஸ்லிங் கேம் என்பார்கள். முதலில் வந்த கேட்ரிட்ஜ்களில் ஒரு கோளாறு. ராத்திரி பகலாக ஆடித் திறந்ததெல்லாம், உருவாக்கிய ஆட்களெல்லாம், ஒருநாள் தானாகவே அழிந்துவிடும். புகார் குவிந்து, மாற்றுக் கேட்ரிட்ஜ் கொடுத்தார்கள்.

ஆன்டன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

"தானா அழிஞ்சிருமா?"

"ஆமா."

"அப்ப நம்மளதும் அப்படித்தானா மாப்ள?"

நான் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அது வேற மெஷின், வேற கம்பெனி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இருக்கலாம்டா" என்றேன். அவன் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டான் பார், 20 வருஷ மூச்சு. "நான் அன்னிக்கே சொன்னேன், நான் தொடலைன்னு. ஜெகனுக்கு இத எழுது மாப்ள. அவன்கிட்ட சொல்லு" என்றான். போகும்போது மறுபடி ஒருமுறை திரும்பி வந்து, "எழுதிருவேல்ல?" என்றான்.

அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அவன் சொன்னபடி எழுத முடியவில்லை.

மெமரி கார்டை அழித்தது நான், ஜெகன்.

மறுநாள் ஃபைனல். கேமில் நாம் உருவாக்கிய ஆட்கள், உன் கடல்ராசாவுக்கும் என் கருஞ்சுறாவுக்கும். உன்னுடையவனுக்கு நீ சீசன் ஆடி ஆடிப் பலம் ஏற்றி வைத்திருந்தாய், நான் 17 தடவை தொடர்ந்து தோற்றிருந்தேன். தோற்பவன் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் தோப்புக்கரணம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. என் அக்கா அங்கே தினமும் நண்டு வாங்க வருவாள், அவளோடு அவள் தோழிகளும். அதெல்லாம் இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அன்று வயிறு கலங்கியது.

வின்சென்ட் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார், என்னைக் கடையில் உட்காரச் சொல்லிவிட்டு. டிஸ்க் போடாமல் பிளேஸ்டேஷனை ஆன் செய்தேன். கார்டுக்குள் இருப்பதெல்லாம் குட்டிப் பொம்மையாய்ச் சுற்றுமே, அதில் நம்முடையதை எடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். மூன்று பேருடைய ஆளும் ஒரே ஃபைலில், என்னுடையவனும் போய்விட்டான். அதனால்தான் யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. அழுதது நிஜம். ஆன்டனின் முனியாண்டிக்கு மீசை வைக்க அவன் ஒன்றரை மணி நேரம் செலவழித்திருந்தான்.

கார்டை ராத்திரி கழற்றி பிஸ்கட் டப்பாவில் வைப்பது ஆன்டன் வேலை. மறுநாள் காலையில் திறந்து பார்த்ததும் நீ எல்லார் முன்னாலும் அவனை அறைந்தாய். வின்சென்ட் அண்ணன் ஒரு மாதம் கடைப்பக்கம் வராதே என்றார். நான் உன் பக்கத்தில் நின்றேன். "போனது போச்சு விடுடா" என்று உன்னைச் சமாதானம் வேறு செய்தேன். அந்த மாதம் முடிந்தும் அவன் வரவில்லை. அவன் அப்பாவுக்குக் காலில் திருக்கை முள் குத்திப் புரையோடிப் போனதால் அவன் படகேறினான், பள்ளிக்கூடம் நின்றது. கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் என் மண்டைக்குள் இரண்டும் ஒரே கோடையில்தான் கிடக்கின்றன. நீ அவனோடு பேச ஒரு வருஷம் ஆனது, பேசினாலும் அந்த விஷயத்தில் நீ அவனை நம்பவே இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

ஏழு மாதமாக உன் போனை எடுக்காததற்கும் இதற்கும் தொடர்பில்லை, அது வெறும் சோம்பல். இந்த ஒரு வாரம் எடுக்காததற்குத்தான் தொடர்பு. போனில் சொன்னால் பாதியில் ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். அதனால்தான் காகிதம். ரஹீம் 20ஆம் தேதி சார்ஜா திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஆன்டன் பூசை முடிந்து போனை வாங்க வருவான். போன் உயிர் பெற்றுவிட்டது, ஸ்பீக்கர் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது. அவனிடம் சொல்லத்தான் போகிறேன். நீ இதைப் படிக்கும்போது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனிடம் பேசும்போது அவன் எதுவும் தெரியாதவனாக இருந்தால், நான் மறுபடி நழுவிவிட்டேன் என்று வைத்துக்கொள். அப்போது நீயே சொல்லிவிடு. எப்படியானாலும் அவனுக்கு ஒரு போன் போடு. அன்று அவன்மேல் விழுந்த அந்த அறை உன்னுடையது.

என்னைத் திட்டுவதாக இருந்தால் இந்திய நேரம் ராத்திரி ஒன்பதுக்கு மேல் திட்டு, பகலில் கடையில் ஆள் இருப்பார்கள். ஹோகன் பந்தயத்தில் நீ தர வேண்டிய 40 பரோட்டாவை இதில் கழித்துக்கொள்ளலாம். குருமாவுக்குத் தனிக் கணக்கு.

உன்
செல்வம்

பி.கு: ரஹீமிடம் இரண்டு பொட்டலம் நெத்திலிக் கருவாடு இருக்கும், கேட்டு வாங்கு. ஆன்டன் வீட்டில் காயப்போட்டது. ஜெகனுக்கு என்றதும் காசு வேண்டாம் என்றுவிட்டான்.