பிஃபோர்ஹேண்ட்: எதற்கு முன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை மாணவர் இணைப்பிதழில், ஆங்கிலம் கற்றுத்தரும் பகுதியில், ‘பிஃபோர்ஹேண்ட்’ என்பதற்கு ‘முன்பு’ என்று பொருள் போட்டு, ‘ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்ஹேண்ட்’ என்று உதாரணமும் கொடுத்திருந்தீர்கள். அவரை முன்பே பார்த்திருக்கிறேன் என்று அர்த்தமாம். அதற்கு ‘பிஃபோர்’ போதுமே!

தாங்கள் அறியாததல்ல. வரப்போகிற ஒரு காரியத்தை மனதில் வைத்து, முன்கூட்டியே செய்வதையோ தெரிந்துகொள்வதையோதான் அந்தச் சொல் குறிக்கும். பந்திக்கு முன் இலை நறுக்கி அடுக்கினால் அது பிஃபோர்ஹேண்ட். அதே வீட்டில் போன வருஷமும் சாப்பிட்டேன் என்றால் வெறும் பிஃபோர். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும், விசாரணைக்குக் கொண்டுபோகும்போது என்ன பேசுவது என்று முன்கூட்டியே கவலைப்படாதீர்கள் என்கிற இடத்தில் இந்தச் சொல் வருகிறது (மாற்கு 13:11).

அரசு அலுவலகத்தில் கடிதம் டிராஃப்ட் செய்தே ஓய்வுபெற்றவன் நான். இந்தச் சொல்லை எழுதினால் எங்கள் சூப்பிரண்டென்ட் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் ‘எதற்கு முன்?’ என்று கேட்டு அனுப்புவார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன், டெண்டர் திறப்பதற்கு முன் என்று பதில் இருந்தால்தான் ஃபைல் நகரும்.

என் பேத்தி உங்கள் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைக்கிறவள். வகுப்புத் தேர்வில் ‘ஐ ஹேவ் ஈட்டன் பீட்சா பிஃபோர்ஹேண்ட்’ என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையால் அடித்தார். சரியாகத்தான் அடித்தார். இவள் நோட்டைக் கொண்டுபோய்க் காட்ட, ‘பேப்பரிலேயே வந்திருக்கா?’ என்று அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். உங்கள் செல்வாக்கு அப்படி! ‘உங்களுக்கு ஒண்ணும் தெரியாது தாத்தா’ என்று நான் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இது முதல் தடவையும் அல்ல. ‘ப்ரீபோன்’ (குறித்த நாளுக்கு முன்னதாக மாற்றிவைப்பது) என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே கிடையாது, நம்மவர்கள் கட்டிவிட்டது என்று ஒருமுறை கேலி செய்தீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறதே ஐயா என்று எழுதினேன். பிரசுரிக்கவில்லை. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்த பிறகும், நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள் என்று உங்கள் பயணப் பக்கம் அறிவுரை சொன்னது. அதற்கும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. ஆனால் சந்தா முடியப்போகிறது என்றால் மட்டும், ஒரு மாதம் இருக்கும்போதே உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடுகிறது. அதுதான் சார் பிஃபோர்ஹேண்ட்.

சரி, நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அதே பகுதியில், அதே எழுத்தளவில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கும்பகோணம்