விருது இருக்கட்டும், வீதியைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி முழுக்க உங்கள் இசை விழாப் பக்கங்களை விடாமல் படித்தேன். நாகசுரம் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருவதில்லை என்ற வருத்தமும் அதில் ஒரு நாள் வந்திருந்தது. எங்களுக்காக வருத்தப்பட ஆள் இருப்பது சந்தோஷம்தான். ஆனால் விஷயம் அப்படி இல்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கோயிலில் நாயனம், அதாவது நாகசுரம், வாசிக்கிறவன் நான். அப்பாவும் அதே கோயிலில் வாசித்தவர். பிள்ளைகள் வராமல் இல்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகசுர வகுப்பும் தவில் வகுப்பும் நடக்கின்றன. பழனி தேவஸ்தானத்துப் பள்ளி இருக்கிறது. மூன்று வருஷம் படித்து, வர்ணமும் கீர்த்தனையும் பாடமாகித்தான் வெளியே வருகிறார்கள். வந்த பிறகு வாசிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் உட்கார்ந்து சாதகம் பண்ணினால் மட்டும் நாயனம் வந்துவிடாது. விரல் வைக்கிற துளை ஏழுதான். கீழே இருக்கும் மிச்சத் துளைகள் சுருதி சேர்ப்பதற்கு. வேண்டாததை மெழுகு வைத்து அடைத்துவிடுவோம். அந்த ஏழு துளையில் எல்லா ஸ்வரஸ்தானமும் கமகமும் பேச வேண்டும். பாதி வேலை விரலுக்கு, பாதி வேலை உதட்டுக்கும் மூச்சுக்கும். வாயில் வைத்து ஊதுகிற தட்டையான சீவாளியைச் சற்று இறுக்கிக் கவ்வினால் ஸ்வரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். எவ்வளவு இறுக்குவது என்று எந்த வாத்தியாரும் அளந்து சொல்ல முடியாது. தினம் வாசிக்கிற உதட்டுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

அந்தத் தினசரி வாசிப்பைக் கோயில்தான் கொடுத்தது. விடியலில் பூபாளமோ பௌளியோ, ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. கேட்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, வாசித்தே ஆக வேண்டும். சொல்லப்போனால் ஆள் இல்லாத வேளைதான் எங்களுக்கு வசதி. மனசில் ஓடிக்கொண்டிருக்கும் புதுப் பிடி ஒன்றை அப்போதுதான் துணிந்து வாசித்துப் பார்க்கலாம். தப்பினால் வௌவாலுக்கு மட்டும் தெரியும்.

அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் வீதி உலா. சுவாமி புறப்படும்போது தவிலில் அலாரிப்பு என்கிற தொடக்க வாசிப்பு முடிந்ததும் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற உருப்படியை எடுப்போம். பாட்டு வரிகள் கிடையாது. ச, க, ம, ப, நி, ஐந்தே ஸ்வரம். அதை மூன்று காலத்திலும் வாசித்து, திஸ்ரம் என்கிற மூன்று எண்ணிக்கை நடைக்கும் கொண்டுபோய்த் திரும்பி வர வேண்டும். தேருக்குத் தேர் மல்லாரி, சுவாமிக்கு நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் எடுத்து வரும்போது தீர்த்த மல்லாரி என்று வகை வகையாக உண்டு. சுவாமி தூக்குகிறவர்களின் கால் அந்தத் தாளத்துக்குத்தான் நடக்கும்.

கோபுர வாசல் தாண்டி வீதிக்கு வந்துவிட்டால் ராகம். அப்பா காலத்தில் ஒவ்வொரு மூலையிலும் வாகனத்தை இறக்கி வைப்பார்கள். திண்ணையில் பெரியவர்கள் காத்திருப்பார்கள். உபயக்காரர் வீட்டிலிருந்து சுக்கு வெந்நீர் வரும். பெரிய நாயனம் சங்கராபரணத்தை எடுத்தால் மேல் ஸ்தாயிக்குப் போய்ச் சேரவே வெகுநேரம் ஆகும். அவர் விட்ட இடத்தில் ரெண்டாவது நாயனம் எடுக்க வேண்டும். சிறுவனாக அந்த இடத்தில் நின்றதால்தான் எனக்கு ஆலாபனை வந்தது. எதிரே தவில்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கிற அந்தப் பயத்தை எந்த வகுப்பறையில் கற்றுத் தருவது? ராகம் முடிந்தால் தவில் தனி. விடிகிற வரை போகும். நன்றாக இல்லையென்றால் திண்ணையில் இருக்கிற கிழவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தத் தோடியும் இப்படிக் கோயிலிலும் வீதியிலும் வளர்ந்ததுதான். உயரச் சுருதித் திமிரி நாயனம் ஓங்கியிருந்த காலத்தில், சுருதி இறங்கிய நீளமான பாரி நாயனத்தைப் பிரபலமாக்கியவர் அவர். சுத்த மத்யம ஸ்வரம் ஒழுங்காகப் பேசும்படி, நாகசுரம் கடைகிற ஊரான நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி அவருக்காக அதைச் செதுக்கிக் கொடுத்தார். இன்று எங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அந்த வழி வந்த பாரிதான். மணிக்கணக்கில் வாசிக்கிற ஒரு மனிதர் இருந்ததால்தான் ஆசாரிக்கும் அப்படி ஒன்றைச் செய்து பார்க்கத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது எங்கள் ஊர் உலா எப்படி நடக்கிறது தெரியுமா? டிராக்டரில் சுவாமி, பின்னால் ஜெனரேட்டர், சீரியல் லைட்டு. "ராகம் எல்லாம் வேண்டாம் அண்ணே, மல்லாரி வாசிச்சுட்டு நடையைக் கட்டுங்க" என்று விழாக் குழுத் தம்பிகள் சொல்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. போக்குவரத்து, போலீஸ் அனுமதி என்று அவர்களுக்கும் ஆயிரம் தொல்லை. ஆனால் நாலு வீதியும் அரைக் கச்சேரி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. என்னோடு வரும் பையன் ரெண்டாவது நாயனத்தில் நன்றாக வாசிப்பான். அவன் இதுவரை வீதியில் ஒரு ராகத்தை முழுசாக வாசித்ததில்லை.

தீபாராதனைக்கு மோட்டார் மேளம் வந்துவிட்டது. ஒரு சட்டத்தில் முரசு, மணி, ஜால்ரா எல்லாம் மாட்டியிருக்கும். சுவிட்சைப் போட்டால் ஒரே வேகத்தில் தடதடவென்று அடிக்கும். ஒருத்தருக்குக் கூடச் சம்பளம் கொடுக்க வழியில்லாத சின்னக் கோயிலில் அதை வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். எதுவும் இல்லாததற்கு அதுவாவது இருக்கட்டும். நாயனமும் தவிலும் வேலையில் இருக்கிற கோயிலில் அது எதற்கு? நான் ஆனந்தபைரவி ராகத்தில் நின்றுகொண்டிருப்பேன், பக்கத்தில் சுவிட்சு விழும். அப்புறம் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. குழாயை உறையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சபாக்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நாகசுர விழா என்று தனியாக நடத்துகிற சபாக்கள் உண்டு, அவர்களுக்குக் கும்பிடு. மற்ற இடங்களில் தொடக்க நாள் மங்கள இசைதான் எங்கள் பங்கு. நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள், நாங்கள் வாசித்துக்கொண்டிருப்போம். கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குக் கெட்டி மேளம், மற்றபடி போட்டோக்காரர் கை காட்டினால் நிறுத்த வேண்டும். வரவேற்புக்குச் செண்டை மேளம் தனியாக வருகிறது.

வாசிக்கிற நேரம் குறைந்தால் எங்களோடு மட்டும் அது நிற்பதில்லை. திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையை வெட்டி, காய வைத்து, பதப்படுத்தி, நறுக்கி, நூல் சுற்றி ஒவ்வொன்றாகக் கையால் செய்கிற வேலை. தினம் வாசிக்கிறவனுக்குத்தான் சீவாளி தேயும், புதுசு வேண்டும். வைகாசிக்கு வைகாசி குழாயை எடுக்கிறவனுக்கு ஒரு கட்டு எத்தனை காலம் வரும்! நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் இனிப்பு கொடுத்தோம். அங்கே பழைய வீடு இடிக்கிற இடத்தில் தூணும் உத்தரமுமாக இருந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி வந்து கடைகிறார்கள். சான்றிதழால் ஒரு குழாய்கூட விற்காது. வாசிக்கிறவன் வேண்டும்.

விருது கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. 1998இல் நாகசுர வித்வான் ஷேக் சின்ன மௌலானா அவர்களுக்கு மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தபோது எங்கள் வீட்டில் யாருக்கோ கிடைத்த மாதிரி நாங்கள் கொண்டாடினோம். ஆனால் அறுபது வயதில் சால்வை போடுவதற்கு, இருபது வயதில் அவன் வாசித்திருக்க வேண்டும் அல்லவா?

கோயில் நிர்வாகங்களிடம் நான் கேட்பது இரண்டு. வாத்தியக்காரர்கள் பணியில் இருக்கும் கோயிலில் அந்தச் சுவிட்சை அணைத்து வையுங்கள். பெருவிழாவில் ஒரே ஒரு நாள், கொடியேற்றமோ தேரோ வேண்டாம், கூட்டம் குறைவான நடு நாள் ஒன்றில், சுவாமியைத் தோளில் ஏற்றி மூலைக்கு மூலை நிறுத்துங்கள். மைக் தேவையில்லை. கடைசித் தெரு வரை தானாகவே கேட்கும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். எங்கள் கோயில் மோட்டார் மேளத்தின் நெற்றியில் உபயம் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. அந்தக் குடும்பத்தார் நல்ல மனசோடுதான் செய்தார்கள். அதே மாதிரி உபயக்காரர்களிடம் ஒரு ராத்திரி மண்டகப்படியை நாயனத்துக்கென்று கேட்டுப் பாருங்கள், மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். செட்டு பெரிசும் இல்லை. நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. சுருதிப் பெட்டியை நாங்களே கொண்டு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு நாகசுரக் கலைஞர்,
மயிலாடுதுறை மாவட்டம்