நேற்று எத்தனை தடவை அடுப்பு மூட்டினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக் கிராமங்களுக்கு மருத்துவத் தொண்டு செய்யப் போகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் அப்படிப் போய் வந்தவள்தான். விளாத்திகுளம் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு 2022 செப்டம்பரிலிருந்து இரண்டு வருடம் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் சலிமா மாவட்டத்தில், ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் தன்னார்வலராக இருந்தேன். கட்டுரையில் எங்களை அந்த மக்களைக் காப்பாற்றப் போனவர்களாக எழுதியிருக்கிறீர்கள். படங்களிலும் நாங்கள்தான் இருக்கிறோம், பிள்ளைகள் எங்கள் மடியில். நான் கண்டது வேறு. அதைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

நான் போய் இறங்கியபோது அங்கே காலரா. நாடு முழுக்க 1,700 பேருக்கு மேல் அந்த ஒரு நோயில் போய்விட்டார்கள். அடிகுழாய் அடியில் நின்று ஒவ்வொரு குடத்துத் தண்ணீரிலும் அளவாகக் குளோரின் விடுவதும், உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லிக் கொடுப்பதுமாக முதல் மாதங்கள் ஓடின. அது அடங்கிய பிறகுதான் அந்த ஊரின் சாதாரண நாட்கள் எனக்குப் பழகின.

ஒரு வீட்டுக்குள் போக வேண்டுமானால் வாசலில் நின்று "ஓடி, ஓடி" என்று குரல் கொடுக்க வேண்டும். நம் காதுக்கு ஓடச் சொல்வது மாதிரி இருக்கும். உள்ளே வரலாமா என்று கேட்பது அது. நலம் விசாரித்து முடிக்காமல் எந்தப் பேச்சும் தொடங்காது. பெரிய பெண்களை "அமாயி" என்பார்கள். நம் அம்மாவேதான் என்று முதல் நாளே மனசில் ஒட்டிக்கொண்டது. சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டிய வெள்ளைக் களி, பெயர் ந்ஸிமா. தொட்டுக்கொள்ளப் பூசணி இலைக் கீரை, கிடைத்தால் உசிப்பா என்ற சின்ன மீன். கரையில் பரண் கட்டி அதைக் காயவைத்திருக்கும் வாசனைக்கு எனக்கு எங்கள் ஊர் நெத்திலிக் கருவாடு ஞாபகம் வந்துவிடும்.

குறிப்பிட்ட நாட்களில் மாமரத்துக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடை போடுவோம். அந்தக் கூட்டத்துக்கே அங்கே "சிகேலோ", தராசு, என்றுதான் பெயர். தாய்மார்கள் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட மருத்துவப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி விடிகாலையிலிருந்தே உட்கார்ந்திருப்பார்கள். எழுதுவது, எடை பார்ப்பது, மேல்கையில் நாடா சுற்றி அளப்பது என் வேலை. நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்று அர்த்தம். அது வந்த பிள்ளையை அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

மருத்துவம் பார்த்தவர் நான் இல்லை. அந்த ஊரிலேயே குடியிருக்கும் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர் ஒருவர் இருந்தார். சில வாரப் பயிற்சி, ஒரு சைக்கிள், ஒரு மரப்பெட்டி நிறைய மருந்து, இவ்வளவுதான் அவரிடம். என்னைவிட இருபது வயது இளையவர். சகோதரனை அங்கே "அச்சிம்வேனே" என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஸ்டெதஸ்கோப் கிடையாது. பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் அசையாமல் மூச்சை எண்ணுவார். ஒரு வயதுக்குள் ஐம்பதும் அதற்கு மேலும், அதைத் தாண்டிய பிள்ளைக்கு நாற்பதும் அதற்கு மேலும் போனால் நிமோனியா என்று மருந்து தொடங்குவார். பிள்ளை அழுதால் அழுகை அடங்கும் வரை காத்திருந்து முதலிலிருந்து எண்ணுவார். எத்தனை பேர் காத்திருந்தாலும் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கியதில்லை. நான் பெருக்கியிருக்கிறேன், இங்கே, பல வருடம்.

2024 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே நவம்பர், டிசம்பரில் மழை பிடித்ததும் மக்காச்சோளம் விதைப்பார்கள். அறுவடை ஏப்ரலில். நடுவில் குதிர் காலி. அந்த மாதங்களை "ந்ஜாலா", பசி, என்றே சொல்வார்கள். கொசு பெருகி மலேரியா ஏறுவதும் அதே மாதங்களில். பெண்கள் அடுத்தவர் வயலில் "கன்யூ" என்ற அன்றாடக் கூலிக்குப் போவதும் அப்போதுதான். அந்த வருடம் மழையும் பொய்த்தது. மார்ச்சில் நாட்டின் 28 மாவட்டங்களில் 23-ல் பேரிடர் நிலை அறிவித்தார்கள்.

ஒன்றரை வயதுப் பிள்ளை, மலேரியா. மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை. வயிற்றில் ஏதாவது இருந்தால்தான் அந்த மருந்து உடம்பில் நன்றாக ஏறும். அச்சிம்வேனே மருந்தை எடுத்துக் கொடுத்தார். விளக்கிச் சொல்லும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் சிச்செவா மொழி அதற்குள் தேறியிருந்தது. "காலையும் ராத்திரியும், சாப்பிட்ட பிறகு கொடுங்கள்" என்றேன். அந்தத் தாய் "ஸிகோமோ", நன்றி, என்று சொல்லிப் போனாள்.

ஐந்தாம் நாள் பிள்ளை மறுபடி கொதிக்கிற காய்ச்சலோடு வந்தது. ஆறில் மூன்று மாத்திரை அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் அவளைச் சத்தம் போட்டேன். அவள் தலை குனிந்து நின்றாள். அச்சிம்வேனே வந்து அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முதலில் வயல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு கேட்டார்: "நேற்று எத்தனை தடவை அடுப்பு மூட்டினீர்கள், அமாயி?"

"ஒரு தடவை."

"முந்தாநாள்?"

"ஒரு தடவை. கூலிக்குப் போய் வந்து, ராத்திரி."

சாப்பிட்ட பிறகு என்று நான் சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். அந்த வீட்டில் காலைச் சாப்பாடே இல்லை. பால் குடிக்கிற பிள்ளைதானே, பால் கொடுத்த கையோடு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்திருந்தாலே போதும். அதை நான் சொல்லவில்லை. பிள்ளையையும் தாயையும் சைக்கிள் பின்சீட்டில் உட்கார வைத்து, சேற்று வழியில் சுகாதார நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவர் அச்சிம்வேனேதான். பிள்ளை பிழைத்துவிட்டது. மறுவாரம் நான் "ஓடி, ஓடி" என்று அந்த வாசலில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எனக்குப் பாய் விரித்து உட்காரச் சொன்னாள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை எழுதும்போது இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பேசி, அவர்கள் படத்தைப் போடுங்கள். போக நினைக்கும் செவிலியர் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: முதல் ஆறு மாதம் எடை மட்டும் போடுங்கள். எந்த மாதம் எந்த வீட்டில் எத்தனை வேளை உலை வைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மருந்தைப் பற்றி வாயைத் திறங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போனேன். சர்க்கரை மாத்திரை பாதிக்குப் பாதி மிச்சம். சீட்டில் "காலை, இரவு, உணவுக்குப் பின்" என்று இருந்தது. நேற்று எத்தனை தடவை அடுப்பு மூட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஒருவேளை உலை வச்சா போதும் தாயி. ராத்திரி தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவேன்" என்றார்.

இந்தக் கேள்வியை நான் வேலையில் இருந்தபோது ஒருவரிடமும் கேட்டதில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை பாட்டியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். அவர் சாப்பிடுகிற நேரத்தைச் சொல்லி, மாத்திரை நேரத்தை மாற்றி எழுதித் தரக் கேட்கப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)