பழைய கைப்பேசிக்கும் மறுவாழ்வு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் பாடக் குறிப்புகளைப் படிக்கும் கைப்பேசியின் திரையில் ஒரு மூலை வெடித்திருந்தாலும், அதன் பற்றரி இன்னும் ஒரு பகல் முழுவதும் தாங்குகிறது. ஆயினும் தயாரித்த நிறுவனம் மென்பொருள் இற்றைப்படுத்தலை நிறுத்திவிட்டதால், புதியது வாங்குங்கள் என்பதே கடைக்காரரின் பதிலாக இருந்தது. வன்னியில் ஒரு போகத்து நெல் விற்ற காசில் கைப்பேசி வாங்கும் குடும்பங்களுக்கு இது சிறிய செலவன்று.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியின்மீது அமைந்த அன்ரொயிட்டின் மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2016 டிசெம்பரில் சயனோஜன்மொட் என்னும் திருத்திய அன்ரொயிட் பதிப்பு நின்றுபோனபோது, அதன் நிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கிய லினியேஜ் ஓ.எஸ். என்னும் இயங்குதளம், நிறுவனங்கள் கைவிட்ட பல கைப்பேசிகளுக்கு இன்றும் இற்றைப்படுத்தல் வழங்குகிறது. 2017இல் அதை உருவாக்கிய கனோனிக்கல் நிறுவனம் விலகிய பின்னர், உபுண்டு ரச் என்னும் கைப்பேசி இயங்குதளத்தையும் தன்னார்வலர்களே பேணுகின்றனர்.

இவற்றைப் பழைய கைப்பேசியில் நாமே நிறுவலாம்; ஆனால் எல்லாக் கைப்பேசிக்கும் இது பொருந்தாது. அமைப்புகளில் உள்ள மாதிரி எண்ணை அந்த இயங்குதளத்தின் ஆதரவுப் பட்டியலுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். கைப்பேசியைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்கையில் உள்ளிருப்பவை யாவும் அழிவதால் படங்களை முன்னரே பிரதி எடுக்க வேண்டும். சில வங்கிச் செயலிகள் பின்னர் இயங்க மறுக்கலாம். கைப்பேசியைக் கணினியுடன் இணைத்தே நிறுவுவதால், இடையில் மின்சாரம் போகும் எங்கள் ஊரில், மேசைக்கணினியை விட மடிக்கணினியில் இவ்வேலையைச் செய்வதே உத்தமம்.

பாடசாலைத் தகவல் தொழில்நுட்ப ஆய்வுகூடங்களில் இதற்கென ஒரு சனிக்கிழமைப் பயிற்சியை வலயக் கல்வி அலுவலகங்கள் ஒழுங்குசெய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்குடியிருப்பு.