இட்லிப் பொடியோடு வைத்த கடிதம்

நாகமலைப் புதுக்கோட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். பேச்சியும் அதன் குட்டிகள் நான்கும் நலம். கரப்பான்களும் சௌக்கியமாகத்தான் இருக்கின்றன. இந்தக் கடிதத்தோடு இட்லிப் பொடி ஒரு டப்பா, பருப்புப் பொடி ஒரு டப்பா வைத்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று சொல்வதற்குள் டப்பா எண்ணிக்கைக்கு மேல் என்னால் போக முடிவதில்லை. கடிதம் என்றால் நீ மீட்டிங் போய்விட்டு வந்தாலும் விட்ட இடத்திலேயே கிடக்கும்.

ராத்திரிப் பாத்திரத்தைக் கழுவாமல் போடாதீர்கள். மறந்துவிடுவேன், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் போதும், கரப்பானுக்குக் கல்யாணச் சாப்பாடு. பதினோராவது மாடிக்கு எறும்பு கூட வராது என்று நீ பெருமையடித்தாய். எறும்புக்கு லிஃப்ட் வேண்டாம் தம்பி.

பேச்சி கதையைக் கேள். நீங்கள் ஊருக்குப் போன நாலாம் நாள் அப்பாவின் வேட்டி அலமாரியில் குட்டி போட்டது. மேலே கிடந்த பழைய வேட்டியெல்லாம் ஆகாதாம், அடியில் இருந்த சரிகை வேட்டிதான் வேண்டுமாம். அப்பா கதவைத் திறந்தார், பார்த்தார், சத்தமில்லாமல் சாத்திவிட்டு அன்றைக்குக் கைலியோடு பேங்குக்குப் போய் வந்தார். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று அப்பத்தா சொல்லுமே, இது அந்த ஏழையும் நம் வீட்டுக்குள்ளேயே மாற்றி முடித்துவிட்டது. அலமாரி, தையல் மிஷின் பெட்டி, ஓடாத கிரைண்டருக்குப் பின்னால், பரண். பரணிலிருந்து இறக்கும்போது ஒரு குட்டியை மட்டும் அப்பாவின் ஹெல்மெட்டில் போட்டு வைத்திருக்கிறது. அப்பா பால் வாங்கக் கிளம்பி, ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். கத்தியது குட்டியா அப்பாவா என்று இன்று வரை எங்களுக்குள் தகராறு. தலைக்கவசம் உயிர்க்கவசம் என்று ரோட்டில் எழுதி வைக்கிறார்கள். நம் வீட்டுக் கவசத்தில் உயிரே இருந்தது.

ஏழாவது வீடு உங்கள் அறை. மருமகள் அவசரத்தில் விட்டுப்போன பச்சைப் பட்டு, நாற்காலி மேல் இருந்தது. நான்கும் அதன் மேல் படுத்துக் கிடந்தன. பயப்படாதே, நகம் படவில்லை. தெற்குமாசி வீதியில் கொடுத்து சுத்தம் செய்து வாங்கி வந்துவிட்டேன். கூரியரில் எல்லாம் அனுப்ப மாட்டேன். பட்டுச் சேலை அது, வந்து வாங்கிக்கொள்ளச் சொல். மதுரைக்கு ராத்திரி பஸ் இல்லாமலா போய்விட்டது.

அப்பாவைப் பற்றி என்ன சொல்ல. காலையில் கீழக்குயில்குடிப் பக்கம் நடக்கப் போகிறார் அல்லவா, சமணர் மலையில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சமணத் துறவிகள் மயிற்பீலியால் தரையைக் கூட்டிவிட்டுத்தான் உட்காருவார்களாம், ஒரு எறும்புக்குக் கூடத் துன்பம் வரக்கூடாதாம். எனக்கு இது தெரியாததா? ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எதையும் அடிக்கக் கூடாது என்று சட்டம். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செட்டிப்புடவுக் குகையில் தவம் இருந்தவர்களுக்குச் சமையலறை கிடையாது, எனக்கு உண்டு" என்றேன். கேட்கவில்லை. கரப்பானை டம்ளரால் மூடி, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகையைச் சொருகி, வேலியோரம் கொண்டுபோய் விடுகிறார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அது உள்ளே வந்துவிடுகிறது. நான் விளக்குமாற்றை எடுத்தால், "விலங்கியல் டீச்சர் செய்கிற வேலையா இது?" முப்பது வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரப்பானை அறுத்துக் காட்டினவள் நான். விலங்கியல் டீச்சர் செய்கிற வேலையே அதுதான்.

மருந்து அடிக்கலாம் என்றால் பேச்சி இருக்கிறது. பெர்மெத்ரின் கலந்த ஸ்ப்ரே பூனைக்கு விஷம் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஃபினாயிலும் ஆகாது, அந்துருண்டையும் ஆகாது. காய்ச்சல் மாதிரி இருந்தால் நம் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், செத்துப் போகும் என்றார். ஆக, பூனைக்காகக் கரப்பானைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். பூனையே பிடிக்குமே என்பாய். பிடிக்கும். இரண்டு காலை ஒடித்து, பாதி உயிரோடு என் தலையணைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரசீது கேட்பது மாதிரி முகத்தைப் பார்க்கும்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மலையடிவாரம் அல்லவா, மரவட்டை சுவரெல்லாம் ஊர்கிறது. போன வாரம் குளியலறையில் பூரான். அப்பா அதையும் டம்ளருக்குள் பிடித்துவிட்டு, "நூறு கால் இருக்கா பாரு" என்றார். பூரானுக்குச் சரியாக நூறு கால் ஒருநாளும் இருக்காது, ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான், வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள் என்றேன். மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் எண்ணினார். வீட்டில் அரை மணி நேரம் நிம்மதி.

ஈசலும் வந்தது. நீ சின்னப்பிள்ளையில் அப்பத்தா வறுத்துப் பொரியோடு கொடுத்ததைத் தின்றுவிட்டு என்னிடம் மறைப்பாயே, அதே ஈசல். பேச்சி வாசல் விளக்கடியில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றது. இறக்கையை உதிர்த்துவிட்டுத் தப்பித்ததெல்லாம் ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் போய்க் கரையான் குடும்பம் நடத்தும். கொசுவும் அதிகம். கடிப்பது பெண் கொசுதான், முட்டைக்கு ரத்தம் வேண்டும். நேற்று மிக்ஸிக்கு அடியில் கரப்பானின் முட்டைப் பெட்டி ஒன்று கிடைத்தது, புளியங்கொட்டை நிறத்தில். ஒன்றில் 16 வரை இருக்கும்.

பார், எதை எழுதினாலும் முட்டையிலோ குட்டியிலோ போய் நிற்கிறது. இதுகளுக்கு வேறு வேலை இல்லை. வேறு சேதி சொல்கிறேன். பெரியம்மா வீட்டில் அடுத்த வாரம் வளைகாப்

சரி, அதை விடு.

அரிசியில் வண்டு வந்தால் காய்ந்த வேப்பிலை போடு, வரமிளகாய் இரண்டு போடு. மருமகள் ஆபீஸில் பெரிய பொறுப்புக்கு வந்திருக்கிறாள் என்று கோயிலுக்குப் போகிற வழியில் எல்லாரிடமும் சொல்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது லீவு போட்டு வந்து, பத்து நாள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவள் அவள்தான். என் மகன் ஒரு நாள் வந்து, ஆப்பிள் வாங்கி வைத்துவிட்டுப் போனான். இதையும்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். பாத்திரத்தை ராத்திரியே கழுவிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் குளவிக் கூடு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. நீ ஏதாவது நினைத்துக்கொண்டிருப்பாயோ என்றுதான். உசிலம்பட்டி அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே. தீபாவளியன்று அவள் ஒரு கேள்வி கேட்டாள், வாயை மூட எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. "அதான் அவங்க அறை ஜன்னல்ல குளவி கூடு கட்டியாச்சே, இனி என்ன" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மருமகள் காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். தலைவலி என்றாள். மறுநாள் காலை கிளம்பிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரை இருப்பதாகத்தானே வந்தீர்கள். நாற்பது நாள் ஆயிற்று. நான் எண்ணவில்லை, அப்பா எண்ணினார். "குட்டி போட்ட பூனை மாதிரி போனையே சுத்தி வர்றே" என்றும் சொன்னார்.

குளவி கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எப்பேர்ப்பட்ட பேச்சு என்று எனக்கா தெரியாது? பெண்குளவி குழாயடியில் ஈரமண்ணை உருண்டையாக உருட்டி வந்து கட்டும். சிலந்திகளைக் கொட்டி மயக்கி, ஒவ்வொரு அறையிலும் அடைத்து, ஒரு முட்டை வைத்து மூடிவிட்டுப் போகும். திரும்பிக் கூடப் பார்க்காது. பொரிக்கிற புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளரும். குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் சிவப்பு மையில் அடித்தவள் நான்.

நீங்கள் போனபின் அறையைக் கூட்டப் போனேன். கூடு இல்லை, ஜன்னலில் மண் தடம் மட்டும் இருந்தது. பேச்சி தட்டிவிட்டிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். ஆனால் பேச்சிக்கு அந்த ஜன்னல் எட்டினாலும், உதிர்ந்த மண்ணை ஒன்றுவிடாமல் கூட்டி, செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து, குப்பைக் கூடையில் போடத் தெரியாது. பிரித்துப் பார்த்தேன். சிலந்திகள் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன.

தம்பி, மேலே எழுதியதில் ஒன்று பொய். அத்தை எதுவும் கேட்கவில்லை. முறுக்கில் கொஞ்சம் எள் சேர்த்திருக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானாகத்தான் ஆரம்பித்தேன். மருமகள் டம்ளரோடு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். காதில் விழட்டும் என்றுதான்.

நீ பிறக்க ஆறு வருஷம் ஆயிற்று. இதை உன்னிடம் சொன்னதில்லை. சோழவந்தான் வீட்டு நிலைப்படிக்கு மேலே குளவி கட்டியபோது, அப்பத்தா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியது. வந்தவர்கள் கூட்டைப் பார்ப்பார்கள், பிறகு என் வயிற்றைப் பார்ப்பார்கள். ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கியபின் தோசைத் திருப்பியை எடுத்துப் போய்ச் சுரண்டி, கிணற்றடியில் கொட்டிவிட்டு வந்தேன். காலையில் அப்பத்தா, "கூடு எங்கத்தா?" என்றது. பூனை தட்டியிருக்கும் என்றேன். அந்த வீட்டில் பூனையே கிடையாது. அப்பத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காப்பி ஆறிப்போகும் குடி என்றது. அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட்டு எதையும் காட்டவில்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனுஷி. நான் எம்.எஸ்ஸி., பி.எட்.

நேற்று காலை குழாயடியில் மறுபடி ஒரு குளவி மண் உருட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் உங்கள் ஜன்னலைச் சாத்தினேன். அது நேராக எங்கள் அறைக்குப் போய், அப்பாவின் ஹெல்மெட் மாட்டுகிற ஆணிக்கு மேலே கட்ட ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு 68 வயது, எனக்கு 64. உசிலம்பட்டி அத்தையை வரச் சொல்லிக் காட்ட வேண்டும் என்கிறார் அப்பா. இடிக்கவும் விடமாட்டார்.

பச்சைச் சேலையை இந்தப் பார்சலிலேயே வைத்துவிட்டேன், திறந்தபோதே பார்த்திருப்பாய். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வரச் சொன்னது தப்பு. பொடி வாசனை ஏறாமல் இருக்க இரண்டு கவருக்குள் போட்டிருக்கிறேன். மடிப்பில் பூனை முடி ஒன்றிரண்டு இருக்கும், அது எத்தனை சுத்தம் செய்தாலும் போகாது.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டச் சொல்லவில்லை. காட்டாதே என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை கார்த்திகைத் தீபம். வியாழன் ராத்திரி எட்டு மணிக்கு அவள் நம்பருக்குக் கூப்பிடுவேன். எடு எடு என்று நீ பக்கத்தில் நின்று நச்சரிக்காதே. எடுக்காவிட்டால் அடுத்த வியாழன் கூப்பிடுகிறேன்.

ராத்திரிப் பாத்திரத்தை நீ கழுவு. டப்பா மூடியை நன்றாகத் திருகி வை, எறும்பு வரும்.

அம்மா